ஒன்றேகால் மணி நேரத் தூரம்

ஏப்ரல் 27, ஞாயிறு

காலையிலேயே புழுக்கம். கொடியில் காய்ந்த துணியெல்லாம் கரித்தூசி. மறுபடி அலசல்.

புதன்கிழமை அப்பாவுக்குச் சுரங்கத்தில் கடைசி ஷிப்ட். மாலை போட்டு, திறந்த வேனில் ஏற்றி, மேளத்தோடு குவார்ட்டர்ஸ் வாசல்வரை கொண்டுவந்து விடுவார்கள். எங்கள் பிளாக்கில் அது பாதிக் கல்யாணம். ஹைதராபாத்திலிருந்து அண்ணன் வருவானா? அப்பா நேரே கேட்கமாட்டார். அம்மாவை விட்டுக் கேட்கச் சொல்வார்.

வாங்க: சால்வை, வெள்ளைச் சட்டை, லட்டு (எதிர்வீட்டுக்கும் சேர்த்து), ஆரத்திக்குச் சுண்ணாம்பு.

ஏப்ரல் 28, திங்கள்

மேப் பார்த்தேன். ஹைதராபாத்துக்கு நெய்வேலியைவிடக் கோயம்புத்தூர்தான் தூரம். ஆனால் விமானத்தில் ஒன்றரை மணி. அதனால் அண்ணியின் அம்மா வீடு பக்கம், நாங்கள் தூரம். அங்கே மாதம் ஒரு தடவை. இங்கே கடைசியாக வந்தது போன வருஷப் பொங்கலுக்கு. விமான நிலையம் உள்ள ஊரில் பிறந்தது அண்ணியின் சாமர்த்தியம்! இப்போதும் அந்த அம்மா வீட்டில்தான் இருக்கிறாள்.

அற்பமான கணக்கு. தெரிந்தேதான் எழுதுகிறேன்.

மாலையில் அண்ணன் போன், ஸ்பீக்கரில் அம்மாவிடம். "சென்னைக்கு ஒன்னேகால் மணி நேரந்தாம்மா. புதன்கிழமை காலைல ஏறுனா மதிய சாப்பாட்டுக்கு அங்க இருப்பேன்." சென்னைக்கு அப்புறம் ரோடு ஒன்று இருப்பதே அவனுக்கு மறந்துவிட்டது. முந்தின ராத்திரியே பஸ் ஏறு என்றேன். முதுகு தாங்காதாம்.

ஏப்ரல் 29, செவ்வாய்

மாலைக்குச் சொல்லப் போனேன். பக்கத்துக் கிராமமான வடக்குத்திலிருந்து வரும் பூக்காரம்மா சிரித்தார்.

"உங்கண்ணன் ஏரோப்ளேன்ல வராராமே? அப்பா மைன்ஸ் பஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு போனாராம், எங்கூட்டுக்காரர் சொன்னாரு."

அப்பாவுக்குத் தினமும் டிபன் கட்டுவது நான். என்னைப் பற்றி பஸ்ஸில் என்ன சொல்வார்? வீட்டிலேயே இருக்கிற பெண்ணைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது.

ஏப்ரல் 30, புதன்

விடியுமுன் கதவு தட்டும் சத்தம். அண்ணி. கோயம்புத்தூரிலிருந்து ராத்திரி பஸ்ஸில், தனியாக. பாதம் இரண்டும் வீங்கியிருந்தது. மாமாவுக்கு இந்த நாள் திரும்ப வராதுங்களே என்றாள். காபி போட்டுக் கொடுத்தேன். வேறு ஒன்றும் செய்யத் தோன்றவில்லை.

அண்ணனின் விமானம் சரியான நேரத்துக்கு இறங்கியது. பிறகு தாம்பரத்தில் நெரிசல். இங்கே மேளம் எங்கள் தெருவுக்குள் திரும்பியபோது அவன் திண்டிவனத்தைக்கூடத் தொடவில்லை.

ஆரத்தித் தட்டை அண்ணியிடம் நீட்டினேன். "நீங்கதான் எடுக்கோணும்" என்று என் கையிலேயே விட்டாள்.

அப்பா வேனிலிருந்து இறங்கினார். கழுத்து கொள்ளாத மாலை. முதல் சுற்றிலேயே திரும்பிச் சாலையைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். இத்தனை நாள் நான் அண்ணியைப் பார்த்தா பொறாமைப்பட்டேன்? வராதவனைப் பார்த்தல்லவா.

பொட்டு வைக்கக் கை நீட்டினேன். அப்போதும் திரும்பினார். பொட்டு காதோரம் போய் ஒட்டியது. நான் துடைக்கவில்லை.