முந்திக்கொண்ட மொட்டை

செவ்வாய்க்கிழமை, இரவு.

நிலாவுக்குப் போகவேண்டிய ராக்கெட் இன்றைக்குக் கிளம்பவில்லை. பார்ப்பதற்காகத் தெருவே எங்கள் மாடியில் ஏறி நின்றிருந்தது. கடைசி நேரத்தில், எரிபொருள் குழாயில் கசிவு என்று டிவியில் சொல்லிவிட்டார்கள். எங்கள் மல்லிகாவுக்கு அந்த ஏவுதளத்தில் எரிபொருள் பிரிவில்தான் வேலை. அதை வரதய்யபாளையம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தவள் நான்தான்.

"இன்னாக்கா, உம் பொண்ணு பாத்த குழாதான் ஒழுவுச்சா?" என்று எதிர்வீட்டு ஜெயா கேட்டாள்.

அதைவிட என் வீட்டுக்காரர் தலைதான் அவர்களுக்குச் சிரிப்பு. ராக்கெட் நல்லபடியாகப் போனால் மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டவர், போகாமல் எங்கே போகும் என்று நேற்றே திருப்பதிக்குப் போய்ப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

"வேண்டுதல முன்னாடியே தீத்துட்டா சாமிக்கு இன்னாய்யா அவசரம்?" என்றான் ஜெயாவின் புருஷன். கூட்டம் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனது.

அப்போதிலிருந்து மல்லிகா போனை எடுக்கவில்லை. திட்டுகிறார்களோ, விசாரிக்கிறார்களோ. ஹாஸ்டல் அறையில் தனியாக இருந்தால்... அதற்கு மேல் நினைக்கவே பயமாக இருக்கிறது.

அவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். சற்றுமுன் என் பக்கம் திரும்பினார்.

"மறுபடியும் வேண்டிக்கினு போலாம்னா, எங்கிட்ட முடி இல்லடி."

வேறு நாளாக இருந்தால் கத்தியிருப்பேன். கொண்டையை அவிழ்த்துவிட்டேன். இது முழுக்க உனக்குத்தான் சாமி. ராக்கெட் எப்போது வேண்டுமானாலும் போகட்டும். அவள் போனை எடுத்தால் போதும்.