பேக்கரி வாசலில் இடிபட்ட கார்

அன்புள்ள வாயாடி மகளுக்கு,

அப்பா எழுதுறேன். இங்க நானும் உன் அம்மாவும் சுகம், அடி வாங்கினது கார் மட்டும்தான். நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டு, நல்லா தூங்கி, அளவா சண்டை போட்டுக்கிட்டு இருப்பீங்கன்னு நம்புறேன்.

போன மாசம் நம்ம காரை எவனோ இடிச்சுட்டு நிக்காம ஓடிட்டான். பின்கதவு நசுங்கி, விளக்கு உடைஞ்சு போச்சு. எனக்கு ஒரு கீறல்கூட இல்ல, பயப்படாத. ஆனா உன் அம்மா நம்பணுமே! நீங்களே எங்கயோ சுவத்துல மோதிட்டு ஊரான் மேல பழி போடுறீங்க, இந்த வயசுல ஓட்டினது போதும்னு சாவியைப் பிடுங்கி பீரோவுல வச்சுப் பூட்டிட்டா. காரும் அவ பேர்ல இருக்கு, நான் என்னத்த பேச? முடி வெட்டப் போகணும்னாகூட பஸ்ஸுக்கு நின்னேன். சாவி திரும்பக் கையில வருமான்னு அந்தப் பீரோவையே சுத்திச் சுத்தி வந்தேன்.

உனக்கு மட்டும் சொல்றேன், சிரிக்காத. அன்னிக்கு சர்க்கரைக்கு ரத்தம் குடுக்கணும்னு சொல்லிட்டுத்தான் கிளம்பினேன், குடுக்கவும் குடுத்தேன். குடுத்த கையோட நேரா பேக்கரிக்குப் போயிட்டேன். ரத்தம்தான் எடுத்தாச்சே, இனிமே தின்னா ரிசல்ட்ல எப்படித் தெரியும்? உன் அப்பனுக்கா மூளை இல்ல! வாசல்ல காரை ஒழுங்கா நிறுத்திட்டு முன்பக்கம் சாஞ்சு நின்னு கிரீம் கேக் தின்னு முடிச்சேன், பின்னால ஒரு வெள்ளை வேன்காரன் ரிவர்ஸ்ல வந்து டமார்னு இடிச்சுட்டுப் பறந்துட்டான். நம்பர் பாக்கலாம்னா மூக்குக்கண்ணாடி சட்டைப்பையில, விரல் பூரா கிரீம்.

இன்சூரன்சுக்குப் போலீஸ் சீட்டு வேணும்னாங்க. ஸ்டேஷன்ல ஏட்டய்யா எங்க நடந்துச்சு பெரியவரேன்னு கேக்குறார், பக்கத்துல உன் அம்மா உக்காந்திருக்கா. ரத்தம் எடுக்குற லேப் வாசல்லன்னு சொல்லிட்டேன். அந்த மனுசன் நல்லவரு, அங்க கேமரா இருக்கு, எடுத்துப் பாக்குறேன்னுட்டார். பாத்தா, நம்ம கார் புது மாப்பிள்ளை மாதிரி வந்து, புது மாப்பிள்ளை மாதிரி போகுது, ஒரு சிராய்ப்பு இல்ல! அதுக்குள்ள இன்சூரன்ஸ்காரரும் வீட்டுக்கு வந்து கதவைத் தடவித் தடவிப் பாத்தார். இடமே தப்பா இருந்தா ஆபீஸ்ல கிளெய்மைத் தள்ளிருவாங்க சார்னு சொல்லி, காப்பி அடிச்ச பையனை வாத்தியார் பாக்குற மாதிரி என்னைப் பாத்தார். உன் அம்மா பின்னாடி நின்னுக்கிட்டு, அந்தச் சுவர் எங்க இருக்குன்னு கேளுங்க தம்பிங்குறா.

வேற வழி இல்லாம மறுநாள் தனியா ஸ்டேஷனுக்குப் போயி ஏட்டய்யா காதுல உண்மையைக் கக்கினேன். போலீஸ்ல பொய் சொல்லலாமா பெரியவரேன்னு நல்லா டோஸ் விட்டார், அப்புறம் சிரிச்ச சிரிப்புல மேசை ஆடிச்சு. புகாரைத் திருத்தி எழுதி, பேக்கரி கேமராவுல பதிவான படத்தையும் வாங்கிட்டார். ஆனா வண்டி அம்மா பேர்ல இருக்குறதால அவங்கதான் வந்து பாத்துக் கையெழுத்துப் போடணும்னு ஒரே போடா போட்டார்.

வந்தா. பாத்தா. வேன் வந்து இடிக்குது, ஓடுது, நம்பர் பளிச்சுனு தெரியுது. எல்லாரும் ஆஹான்னோம். இவ மட்டும், தம்பி, கொஞ்சம் பின்னாடி தள்ளுங்க, வேன் வர்றதுக்கு முன்னாடின்னா. நான் தின்ன கேக்கை ஒண்ணுன்னு எண்ணினா. ரெண்டுன்னு எண்ணினா. நான் காகிதத்தை நக்குற இடத்துல நிறுத்தச் சொல்லி உத்து உத்துப் பாத்தா. ஏட்டய்யா சுவரைப் பாத்துத் திரும்பிக்கிட்டார், தோள் மட்டும் குலுங்குது.

வீடு வந்து சேர்ந்தோம். உன் அம்மா பீரோவைத் திறந்து சாவியை மேசைல வச்சு, ஓட்டத்தான் தெரியுது, தின்னத்தான் தெரியல, இனிமே பக்கத்து சீட் என்னோடதுன்னா. இப்ப நான் எங்க போனாலும் மகாராணி கூட வர்றாங்க. வேன்காரனைப் பிடிச்சாச்சு, இன்சூரன்சும் ஒத்துக்கிச்சு, வண்டி ஒர்க்‌ஷாப்ல தயாராகி வந்தாச்சு.

இன்சூரன்சுக்குன்னு வாங்கின அந்தப் படத்தை உன் அம்மா உனக்கும் அனுப்பிட்டாளாம். அதுல சத்தம் வராதும்மா, அதுக்குத்தான் இந்தக் கடிதம். படத்தைப் போட்டுட்டு இதைப் பக்கத்துல வச்சுக்கிட்டுப் படி. அந்த ரெண்டாவது கேக் உன் அம்மாவுக்குன்னு வாங்கினது, இடிச்ச அதிர்ச்சியில தின்னுட்டேன்னு அவகிட்ட சொல்லிப் பாத்தேன். படத்துல வேன் வர்றதுக்கு முன்னாடியே ரெண்டும் காலின்னு அவ சொல்றா. நீயாவது அப்பன் பக்கம் பேசு.

மகராசியா, நிறைஞ்ச ஆயுசோட ரெண்டு பேரும் நல்லா இருங்க. உன் கார் இன்சூரன்சை மறக்காம புதுப்பிச்சுடு. எவனாவது இடிச்சா இடத்தை மட்டும் சரியாச் சொல்லு.

இப்படிக்கு,
அம்மாவோட டிரைவர்,
உன் அப்பா