அந்தோணியார் காலடியில் கறுப்புத் தாள்

இன்று காலை அந்தோணியார் சுரூபத்தின் அடியில் நான் விரித்திருந்த கறுப்புத் தாளில் மரத்தூள் கிடந்தது. உன்னைக் கூப்பிட வாயெடுத்தேன். நீ இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

பங்குச் சாமியார் புதியவர். "உளுத்துப் போச்சும்மா. மத்த சுரூபத்துக்கும் பரவும். எரிச்சுப் புதைச்சிரலாம்" என்றார். பழைய கோயில் சாமான்களை நாம் இருவரும் சேர்த்துவைத்த அறையில், நம் அப்பாக்கள் தோளில் சுமந்த சுரூபம் அது ஒன்றுதான். கொஞ்சம் பொறுங்கள் என்றேன்.

முன்பு ஒருமுறை நீயும் இப்படித்தான் தாள் விரித்தாய். உள்ளே வண்டு உயிரோடிருந்தால் வெளுத்த தூளைத் தள்ளும், கறுப்பில் பளிச்சென்று தெரியும் என்றாய். ஆனால் காலைதோறும் தாள் துடைத்துவைத்தாற்போல் இருந்தது. பூச்சி செத்துவிட்டது என்று நான் முடிவு கட்டிவிட்டேன். அப்போதுதான் மேலத்தெரு லூர்தம்மாள் ஜெபம் சொல்ல வந்தாள், நெற்றி நிறைய வெளுத்த தூளோடு.

"என்ன ஆத்தா இது?" என்றாய்.

"அந்தோணியார் காலடியில தானா உதிருது. அவர் செய்யுற புதுமை, அற்புதம் இல்லாம என்ன? தெருவே வந்து எடுத்துப் பூசிக்கிட்டுப் போகுதுல்ல!"

"நீங்க பூசியிருக்கது வண்டுப் பீ, ஆத்தா."

"கான்வென்ட்டுல படிச்சாகளாம், பேச்சைப் பாரு!" என்று அவள் போனாள். நெற்றியைத் துடைக்கவில்லை.

துளை துளையாக ஊசியில் மருந்து ஏற்றினோம். உன் லென்ஸை என் கையில் கொடுத்து, "தூளை யாரும் அள்ளிட்டுப் போகலாம். ஓட்டையோட ஓரத்த எவளும் அள்ள முடியாதுடி. அதைப் பாரு" என்றாய். புதுத் துளையின் ஓரம் அறுத்த பலகைபோல் வெளுத்திருக்கும். பழையது மங்கி அழுக்கேறியிருக்கும்.

அதே லென்ஸோடு இன்று சுரூபத்தின் முன் குனிந்தேன். முட்டி வலித்தது, ஆனாலும் ஒரு துளையையும் விடவில்லை. எல்லா ஓரமும் மங்கியிருந்தது. தூளும் பழுப்பு.

"நேத்து இதை நகர்த்தினீங்களா, ஃபாதர்?"

"வெள்ளையடிக்க இழுத்து வச்சோம்மா."

அந்த அதிர்வில் பழைய தூள் உதிர்ந்திருக்கிறது. லென்ஸை அவரிடம் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "அப்ப இங்கனயே இருக்கட்டும்" என்றார். புதுத் தாள் விரித்துவிட்டு வந்தேன். நாளையும் போய்ப் பார்ப்பேன்.

வீட்டுக் கண்ணாடியில் பார்த்தால், வியர்வை துடைத்த கையால் என் நெற்றியிலும் ஒரு தூள் கோடு. நீ என்ன சொல்லிச் சிரித்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். முகம் கழுவாமலேயே உட்கார்ந்து காப்பி குடித்தேன்.