மட்டியில் மணல்

அன்புள்ள அம்மா,

கிறிஸ்துமஸுக்கு நான் ஏன் புரோசிதா தீவுக்கு வரவில்லை? எனக்கே பதில் தெரியவில்லை. வேலை என்று உங்களிடம் சொன்னது பொய். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என நம்புகிறேன்.

பண்டிகைக்கு முந்தைய நாள் இங்கே டூரினில், பக்கத்து வீட்டு லொரெதானாவை அழைத்து மட்டிச் சிப்பி போட்டு ஸ்பகெட்டி சமைத்தேன். மட்டியை உப்புநீரில் ஊறவைத்து மணலைக் கக்கவைக்க மறந்துவிட்டேன். எப்போதும் நீங்கள்தானே அதைச் செய்வீர்கள்.

"என்னடி மரிலேனா, கடற்கரையையே அள்ளிப் போட்டுட்டியா? தீவுக்காரின்னு வேற பேரு!" என்று லொரெதானா சிரித்தாள். பிறகு, "இந்நேரம் உங்கம்மா தனியாத்தானே சாப்பிடுவாங்க?" என்று கேட்டாள். நான் எழுந்து தட்டுகளைக் கழுவப் போனேன்.

எத்தனை மணி நேரம் ஊறவைக்க வேண்டும் என்று எழுதுங்கள். தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது.

கிறிஸ்துமஸ் அன்று உண்மையைச் சொல்லத்தான் உங்களைத் தொலைபேசியில் அழைத்தேன். "பாவம், வேலைக்கு நடுவுல ஏதாச்சும் சாப்பிட்டியா?" என்றீர்கள்.

"ரொட்டி சாப்பிட்டேம்மா" என்றேன்.

மரிலேனா