கலக்காத பெட்ரோல்

இன்று காலை உன் வீட்டுப் பின்பக்கச் சாய்ப்பில் அந்தச் சாக்கைப் பிரித்தேன். ஆயில் கலந்த பெட்ரோலும் ஈர மரத்தூளும் சேர்ந்த வாடை குப்பென்று வந்தது. நீ கண்ணை மூடி ஒன்றரை வருடம் ஆகிறது. ஆனாலும் நீ வேலை முடிந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்ததுபோல் இருந்தது. மரம் அறுக்கும் மெஷின் வாளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

மைனிதான் கூப்பிட்டாள். நான் உன்னைவிட ஆறு மாதம் இளையவன் என்ற ஒரே காரணத்தால் உன் மனைவி எனக்கு மைனி, நான் அவளுக்குத் தம்பி. "தம்பி, ஆக்ரிக்காரன் மத்தியானம் வருவான், பழைய சாமானெல்லாம் எடுக்கதுக்கு. மெஷின் ஓடும்னா இருக்கட்டும். ஓடலேன்னா அதையும் குடுத்திருவேன், கேட்டியளா?" என்றாள். நீ இருந்திருந்தால் ஆக்ரிக்காரனைத்தான் சாக்கில் கட்டியிருப்பாய்.

அது பொன்முடிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேண்டாம் என்று கழித்துப்போட்ட மெஷின். இருபது வருடம் அதை அரிசிச் சாக்கில் சுற்றிக்கொண்டு பாறசாலையிலிருந்து பஸ் ஏறி, தம்பானூரில் இறங்கி, நகரம் முழுக்க மரம் வெட்டினோம். "எந்தா சேட்டா, பெட்ரோல் மணக்குந்நு" என்று கண்டக்டர் மலையாளத்தில் மூக்கைச் சுளித்தால், "எனக்க கூட்டாளிக்க சென்ட்டு" என்று என்னைக் காட்டுவாய். மரத்தில் ஏறி அறுப்பது நீ. கீழே கயிறு பிடிப்பதும், பெட்ரோலில் ஆயில் கலப்பதும், செயினுக்கு அரம் போட்டுக் கூராக்குவதும் நான். அரத்தை உன் கையில் நான் தரமாட்டேன். மெஷினை என் கையில் நீ தரமாட்டாய். கல்யாணம் ஆனவர்கள்கூட அவ்வளவு கறாராக வேலை பிரித்திருக்கமாட்டார்கள்.

அதனால் இன்று எனக்கு உன் வாய்தான் துணை. "மொதல்ல தீ, பொறவு எண்ணெய், பொறவு காத்து. அதுக்கும் பொறவுதான் ஜெபம்" என்பாய். மெஷின் நின்றதும் கார்புரேட்டரைக் கழற்றப் பாய்கிறவர்களைக் கண்டால் உனக்கு ஆகாது. பிளக்கைக் கழற்றி, மெஷின் உடம்பில் ஒட்டவைத்து, கயிற்றை இழுத்துப் பார்த்தேன். நீலப்பொறி தெரிந்தது. தீ இருக்கிறது. பிளக்கை மாட்டிப் பத்து இழுப்பு இழுத்துவிட்டுத் திரும்பக் கழற்றினேன். முனை காய்ந்து கிடந்தது. எண்ணெய், அதாவது பெட்ரோல், வரவில்லை. டாங்குக்குள் வளைந்த கம்பியை விட்டு ஃபில்டரைத் தூக்கினால், குழாய் அப்பளம்போல் கையோடு உடைந்து வந்தது. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஜங்ஷன் கடைக்குப் போய் ஒரு முழம் குழாய் வாங்கி வந்து மாட்டினேன். ஏர் ஃபில்டரைத் தட்டிக் கழுவி வெயிலில் வைத்தேன்.

அடுத்தது பெட்ரோல் கலப்பது. அங்கேதான் கை நின்றுபோனது.

ஸ்ரீவராகத்து அக்ரகாரத்தில், அந்த மாமி வீட்டுக் கொல்லைப் பலாமரம் உனக்கு ஞாபகம் இருக்கும். கூரைமேல் சாய்ந்த பெரிய கிளை. வேலைக்குப் போன இடத்தில்தான் கேனில் ஆயிலை ஊற்றிக் குலுக்குவது என் வழக்கம். அன்று மாமி காப்பி கொடுத்தாள், நான் என் வீரப்பிரதாபங்களைப் பேசிக்கொண்டே ஆயிலை மறந்தேன். வெறும் பெட்ரோலை நிரப்பி மெஷினைக் கயிற்றில் கட்டி மேலே அனுப்பினேன். பாதிக் கிளையில் மெஷின் கிறீச்சிட்டு நின்றது. வாள் மரத்துக்குள் சிக்கிக்கொண்டது. பாதி அறுந்த கிளை முனகிக்கொண்டிருக்க, நீ கயிற்றில் தொங்கியபடி கைவாளால் அதை அறுத்து மெஷினை விடுவித்தாய். கீழே நான் கர்த்தரை எத்தனை தடவை கூப்பிட்டேன் என்று கணக்கில்லை.

இறங்கி வந்து சைலன்ஸரைக் கழற்றினாய். ஓட்டை வழியே பிஸ்டனைப் பார்த்தாய். ஆயில் இல்லாமல் உரசி அதன் உடம்பெல்லாம் கீறல். பிறகு கேனைத் தூக்கி வெளிச்சத்தில் நிறம் பார்த்தாய். என்னைப் பார்க்கவில்லை. "என்ன ஆச்சு? இப்படி நின்னுடுத்தே?" என்று மாமி கேட்டாள். "மெஷினுக்கு வயசாச்சு மாமி" என்றாய். நான் வாயைத் திறக்கவில்லை.

பழைய மெஷினுக்கு பிஸ்டன் தேடி நீ ஒரு மாதம் அலைந்தாய். அதற்குப் பிறகு பெட்ரோலை நீயே கலந்தாய், ஒரு வார்த்தை சொல்லாமல். எனக்கு வந்தது பார் ஒரு கோபம்! தப்பும் என்னுடையது, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதும் நான். எத்தனை வருடம் அப்படித் திரிந்தேன்.

இன்று ஆயிலை இரண்டு தடவை அளந்து ஊற்றிக் குலுக்கினேன். சோக்கைப் போட்டு இழுத்தேன். ஒரு இருமல். சோக்கை எடுத்து இழுத்தேன். மெஷின் பிடித்துக்கொண்டது. அடுப்படியிலிருந்து மைனி ஓடி வந்தாள். சிரிக்கிறாள், கண்ணில் நீர் ஓடுகிறது. மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசினாள்.

"ஸ்ரீவராகத்துல ஒருக்க இது கெட்டுப்போச்சுல்லா தம்பி? 'நாந்தான் ஆயில் ஊத்த மறந்துட்டேன், அவன்கிட்ட சொல்லுகதுக்கு வெக்கமா இருக்கு'ன்னு அன்னைக்கு அவரு வந்து சொன்னாரு. நீங்களும் அதப்பத்தி இன்னும் கேக்காம இருக்கியளே!"

வீட்டிலும் நீ பழியை எடுத்துக்கொண்டாயா? மெஷின் ஓடும்போதே சொல்லிவிட்டால் மைனிக்குக் காதில் விழாது என்று ஒரு கோழை யோசனை வந்தது. அணைத்துவிட்டுச் சொன்னேன். "அது நான் மைனி. ஆயில் கலக்க மறந்தது நான்."

மைனி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இத அவருகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே தம்பி" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

ஆக்ரிக்காரன் வந்தான். பழைய ஃபேனையும் தகர டிரம்மையும் எடுத்துப் போனான். மெஷினில் கை வைத்தபோது, "அது குடுக்கதுக்கில்ல" என்றாள் மைனி. மாதம் ஒரு தடவை வந்து ஓட்டிவிட்டு டாங்கைக் காலி செய்து வைக்க வேண்டும் என்று எனக்கு உத்தரவு.

மைனியிடமும் நான் முழுதாகச் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். அன்று மறந்தது உண்மை. ஆனால் மெஷின் மேலே போன கொஞ்ச நேரத்தில் என் பைக்குள் ஆயில் பாட்டிலைப் பார்த்தேன், மூடி உடையாமல் இருந்தது. நிறுத்து என்று ஒரு கத்து கத்தியிருந்தால் நீ நிறுத்தியிருப்பாய். மாமி பக்கத்தில் நின்றாள். அவள் முன்னால் அவமானமாகிவிடும் என்று, ஒரு கிளைதானே, தாங்கும் என்று நினைத்துக்கொண்டு, நீ மேலே அறுப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உனக்கு ஏதாவது ஆகியிருந்தால்? ஆகவில்லை. ஆனாலும் அண்ணாந்து நின்ற அந்த நேரம் என்னைவிட்டு இன்னும் போகவில்லை. என்னை மன்னித்துக்கொள்.