டாக்டர் எழுதாமல் விட்ட பரிசோதனை

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வலது கண் சிவந்து மங்கி நான்கு மாதம் ஆகிறது. தில்லை நகர் டாக்டர் சொட்டு மருந்தை மாற்றி மாற்றித் தந்தார். போன வாரம்தான் ரத்தம் எடுத்தார். இன்று என் முகத்தைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்துச் சொன்னார்: சிபிலிஸ் என்ற பால்வினை நோய், கண்ணுக்குள் போயிருக்கிறது.

"இந்த டெஸ்டை முதல்லயே எடுத்திருக்கலாமே?"

"எடுத்திருக்கணும் மாமி. உங்களைப் பார்த்தப்புறம் அதை எழுதக் கையே வரலை."

மரியாதையாம்! அந்த மரியாதையில் பாதிப் பார்வை போயிற்று. நாளை முதல் பதினான்கு நாள் ஆஸ்பத்திரியில் தங்கி, பெனிசிலினை நரம்பில் ஏற்ற வேண்டும். பார்வை எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாதாம்.

பக்கத்திலிருந்த மகள் ரமா என் காதில் கிசுகிசுத்தாள்.

"கேக்கறவாகிட்ட கண்புரை ஆபரேஷன்னு சொல்லிடலாம்மா."

"கண்புரைக்குப் பதினாலு நாள் எவடி படுத்துண்டிருப்பா? பொய்யாவது ஒழுங்கா சொல்லு."

என் கணவர் போய் ஒன்பது வருடம். அவரைத் தவிர வேறு ஆணை நான் அறியேன். யாரிடம் போய்க் கேட்பது?

எழுந்து வரும்போது டாக்டரிடம் சொன்னேன்.

"வெளியில இன்னொரு மாமி சிவந்த கண்ணோட உக்காந்திருக்கா. அவாளுக்காவது இன்னிக்கே எழுதிடுங்கோ."