கேட்டு வாங்கிய வேலை

மல்லசமுத்திரம் அருகே,
12-7-1937

மரியாதைக்குரிய அண்ணன் தங்கசாமிக்கு, தம்பி காளியண்ணன் வணங்கி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். கோலார் சுரங்கத் தூசியில் உங்களுக்கு வந்த இருமல் நின்றதா என்று எழுதுங்கள்.

கூலியில்லா உழவை எதிர்த்து நாம் போட்ட வழக்கு முடிந்தது. மிட்டாதார்தான் ஜெயித்தார். கடிதத்தைக் கிழித்துவிடாமல் மேலே படியுங்கள்.

கூலியில்லாமல் அவர் நிலத்தை நாம் உழுவதை, விசாரித்த வெள்ளைக்கார அதிகாரி 'கார்வே' என்றார். நம் வக்கீல் வீட்டு அகராதியில் தேடினேன். ஆங்கிலத்தில் புகுந்த பிரெஞ்சுச் சொல். பிரான்சில் குடியானவர்கள் பிரபுவுக்குச் சும்மா உழைத்ததற்கு அதுதான் பெயராம். அதன் வேர் லத்தீன். பொருள், 'கேட்டு வாங்கிய வேலை'. சவுக்கை வைத்துக்கொண்டு கேட்பதற்குப் பெயர் கேட்பதா?

மிட்டாதாரின் வக்கீலும் அதே கதையைத்தான் சொன்னார். இங்கே கட்டாயமே கிடையாது, விதைப்புக்கு முன் வீடு வீடாக வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிறோம், இஷ்டமில்லாதவர் வர வேண்டாம் என்றார். அதிகாரி அதை அப்படியே தீர்ப்பில் எழுதினார். நம் ஆட்கள் தலை குனிந்து திரும்பினார்கள்.

போன திங்களன்று மிட்டாதாரின் காரியஸ்தர் வெற்றிலைத் தாம்பாளத்தோடு வந்தார். முதலில் நம் வீடு. அண்ணி வெற்றிலையைத் தொடவில்லை. "கேக்கறதாத்தானுங்க உங்க வக்கீலு சொன்னாரு? எங்களுக்கு இஷ்டமில்லீங்க. அடுத்த ஊட்டுல கேட்டுப் பாருங்க" என்றார். அடுத்த வீட்டு அங்காளம்மாள், "எங்க எருது வெத்தலை போடாதுங்க, சாமி" என்றாள். தெருவே சிரித்தது. ஒரு வீட்டிலும் வாங்கவில்லை. தாம்பாளம் குறையாமல் திரும்பியது. சவுக்கோடும் யாரும் வரவில்லை. அவர்கள் வக்கீல் சொன்ன சொல்லே தீர்ப்பில் இருக்கிறதே. இன்று கூலி கொடுத்து ஆள் தேடுகிறார்கள். முதல் மழை ஈரத்தில், மிட்டாதார் நிலத்துக்கு முன்னால் நம் காட்டை நாம் விதைத்தது இந்த வருஷம்தான்.

ஐந்து வருஷத்துக்கு முன் நீங்கள் ஒருவராக மறுத்து ஊரைவிட்டுப் போக நேர்ந்தபோது வாய் திறக்காத ஊர், இப்போது "தங்கசாமி எப்ப வாரான்?" என்று என்னை நிறுத்திக் கேட்கிறது.

அண்ணி எதையும் எழுதச் சொல்லவில்லை. உங்கள் பங்கு நிலத்தில் மட்டும் என்னை ஏர் பூட்ட விடவில்லை. "அவுங்க வந்து உழுவட்டும்" என்கிறார். ஈரம் வெகுநாள் தாங்காது, அண்ணா.

உங்கள் வழி பார்த்திருக்கும் தம்பி,
காளியண்ணன்